அருவியை நேரில் போய்ப் பார்த்தவள்

இலஞ்சிக் குமாரரைக் கும்பிட்டுவிட்டு வந்து உலை வைத்திருந்த காலையில் காதர் கூப்பிட்டான். தென்காசியில் நம் செய்தித் தளத்தின் அலுவலகத்தில் ஆசிரியை இசக்கிச்செல்விக்கு வலக்கையாக இருந்த காதரை உங்களில் பலருக்குத் தெரியும். “அக்கா, ஆஸ்பத்திரியில கேட்டாச்சு. செல்வியக்காவோட அண்ணங்கிட்டயும் கேட்டாச்சு. ரெண்டு பேரும் சொன்ன பெறவுதான் ஒங்களுக்குப் பேசுதேன்” என்றான். அடுப்பை அணைத்தேன்.

அதற்குள் மற்றவர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். இசக்கிச்செல்வி மாரடைப்பால் காலமானார் என்று ஒரு தளம் போட்டிருந்தது. மாரடைப்பு இல்லை, சிறுநீரகக் கோளாறு. இன்னொன்று வயதைக் கூட்டிப் போட்டிருந்தது. மூன்றாவதில் இருந்த படம் யாரோ ஒரு கல்லூரிப் பேராசிரியையுடையது; அந்த அம்மாள் நல்லபடியாக இருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நம் தளத்தில்தான் கடைசியாக வந்தது. வந்தது முழுக்கச் சரியாக இருந்தது. செல்வி பார்த்திருந்தால், “பிந்தினாலும் நம்மதுதாம்லே செய்தி” என்று காதரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுதப் படிக்கப் பழகியதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு, சமையலுக்கும் சாயங்கால விளக்குக்கும் நடுவில், நானாகத் தேடிக்கொண்டது. செல்வி என்னைவிடப் பல வயது இளையவள், அடுத்த தெருக்காரி. சென்னையில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, தென்காசியில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் தளத்தைத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் என் அடுக்களைக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள். ‘எங்களைப் பற்றி’ என்று தளத்தில் போடப்போகும் பக்கம். “அக்கா, சத்தமா வாசிங்க. எங்கன ஒங்களுக்குக் கொட்டாவி வருதுன்னு பாக்கணும்” என்றாள்.

வாசித்தேன். சுதந்திரம், நடுநிலை, அறம் எல்லாம் இருந்தன. இரண்டாவது வரியிலேயே கொட்டாவி வந்தது. செல்வி கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரியில் இருந்த மசாலாப் பொடி பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இதுல பாருங்க, என்ன கலந்திருக்கு, யாரு அரைச்சா, கெட்டுப்போனா எந்த நம்பருக்குப் பேசணும், எல்லாம் போட்டிருக்கான். நான் நல்ல பொடி, நல்ல பொடின்னு மட்டும் எழுதி வச்சிருக்கேன்” என்று தாளைக் கிழித்தாள். அங்கேயே உட்கார்ந்து வேறொன்று எழுதினாள். தளத்தை நடத்துவது யார், பணம் எங்கிருந்து வருகிறது, காசு வாங்கிப் போடுவது எப்படி அடையாளம் காட்டப்படும், தப்பு இருந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். கடைசியில் இப்படி ஒரு வரி: ‘ஆசிரியையின் அண்ணன் ஓர் அரசியல் கட்சியில் பொறுப்பில் இருக்கிறார். அந்தக் கட்சி பற்றிய செய்திகளை ஆசிரியை தொடுவதில்லை. காதர் பார்ப்பார்.’

அண்ணன் முருகேசன் சும்மா இருப்பாரா? அந்தப் பக்கம் வெளிவந்த அன்று, நான் அவள் வீட்டில் இருந்தபோதே வந்துவிட்டார்.

“ஏட்டி, நான் ஒன் கூடப்பொறந்தவன்னு ஊருக்கே தெரியும். அதை எதுக்கு எழுதி வச்சிருக்கே?”

“ஊருக்குத் தெரியும்ணே. மதுரையில இருந்து படிக்கவனுக்குத் தெரியாதுலா.”

“அப்ப எங்க கூட்டத்துச் செய்தி நல்லா வருமா வராதா?”

“அது ஒங்களுக்கும் காதருக்கும் உள்ளது. நான் கிட்டயே வரமாட்டேன்.”

“அப்படின்னா தங்கச்சின்னு ஒருத்தி இருந்து என்னத்துக்கு?”

“உள்ள வந்து உக்காருங்க, மீன்கொழம்பு இருக்கு. அதுல காதருக்குப் பங்கு கெடையாது.”

முருகேசன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அந்த வரி இன்றைக்கும் தளத்தில் இருக்கிறது.

செல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வருவார்கள். நானும் வருகிறேன். சீசன் நாளில் குற்றாலம் மெயினருவியில் குளிக்க விடுகிறார்களா, தடையா என்பதைத் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் வெளியூர்க்காரர்கள் வண்டியை எடுப்பார்கள். அன்று காலை செல்வி வீட்டு மாடியில் நின்று மலையைப் பார்த்திருக்கிறாள். மேகம் கறுத்து மலைமேல் உட்கார்ந்திருந்தது. குற்றால மலையைப் பார்த்து வளர்ந்த நமக்கெல்லாம் ஒரு நினைப்பு உண்டு. மேகத்தைப் பார்த்தே அருவியில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடலாமென்று. அந்த நேரம் பார்த்து, தடை என்று யாரோ அனுப்பிய தகவலும் போனில் வந்தது. மேகமும் தகவலும் ஒத்துப்போகவே, ‘மெயினருவியில் குளிக்கத் தடை’ என்று போட்டுவிட்டாள். அந்தத் தகவல் போன வாரத்தியது. அருவியோ அன்று குளிப்பதற்கென்றே அளந்து விட்டதுபோல விழுந்துகொண்டிருந்தது.

வண்டிகள் பாதி வழியில் திரும்பின. மங்குஸ்தான் பழம் கூடையோடு கிடந்தது, எண்ணெய் தேய்க்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிப்ஸ் கடை சங்கரபாண்டி அண்ணாச்சி நாலு கடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடை மாடி ஏறினார்.

“ஏம்மா, அருவி எங்கன இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? வழி சொல்லட்டா? இல்ல, அருவியே மாடியேறி வந்து ஒங்கிட்டச் சொல்லிட்டுப் போணுமா?”

“நான் பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி.”

“இனிமே பாத்து? எண்ணெயில போட்ட காயெல்லாம் நீ தின்னுவியா?”

அவர்கள் போனதும் காதர் சொன்னான்: “அக்கா, அதை எடுத்திருவோம். கொஞ்ச நேரத்துல மறந்திருவாவ.” செல்வி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “எடுத்துட்டா, அதைப் படிச்சிட்டுத் திரும்பிப் போனவனுக்கு யாருலே சொல்லுதது?” ஸ்கூட்டரில் குற்றாலம் போய், சாரலில் சேலை நனைய நின்று, அங்கிருந்தே எழுதினாள். ‘தடை இல்லை. காலையில் நாங்கள் எழுதியது தவறு. செய்தது ஆசிரியை இசக்கிச்செல்வி. அருவிக்குப் போகாமல், வீட்டு மாடியிலிருந்து மலையைப் பார்த்தும், வந்த தகவலைச் சரிபார்க்காமலும் எழுதினேன்.’ தப்பான வரியை அழிக்காமல், குறுக்கே ஒரு கோடு மட்டும் இழுத்தாள். வீட்டு வரவு செலவில் நானும் அப்படித்தான் செய்வது வழக்கம். சுரண்டிவிட்டால் எனக்கே பிறகு சந்தேகம் வரும். அந்தத் திருத்தத்தை முகப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். சீசன் முடிகிறவரை இறக்கவில்லை.

அதன் பலனையும் அனுபவித்தாள். ‘பொய் என்று தானே ஒத்துக்கொண்ட தளம்’ என்று மற்றவர்கள் அதைப் படம் பிடித்துச் சுற்றவிட்டார்கள். கடைக்காரர்கள் சீசன் விளம்பரம் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். அந்த விளம்பரம்தான் அறை வாடகையும் காதரின் சம்பளமும். இன்னொரு சீசன் இப்படிப் போனால் பூட்டிவிட வேண்டியதுதான் என்று செல்வி என்னிடமே சொன்னாள். ஆனால் பூட்டுவதற்கு முன்னால் ஒரு ஏற்பாடு செய்தாள். அருவிச் செய்தி ஒவ்வொன்றின் கீழும், பார்த்தவர் யார், எங்கே நின்று, எந்த நேரம் பார்த்தார் என்று போடுவது. தினமும் குற்றாலநாதர் கோயிலுக்குப் போகிறவள் என்பதால் மெயினருவி என் தலையில் விழுந்தது. ‘ஒரு வாசகர்’ என்று போடேன், பேர் எதற்கு என்றேன். எங்கள் வீட்டில் பெண்கள் பேர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. “பேர் போட்டாத்தான்க்கா நாளைக்கு ஒங்கள வழியில நிறுத்திக் கேக்க முடியும். கேக்க முடியாதவங்க சொல்லுததை யாரு நம்புவா?” என்றாள். கோமதியம்மாள், இலஞ்சி என்று என் பேர் தளத்தில் ஏறியது அப்படித்தான்.

அடுத்த ஆடி வந்தது. ஒரு காலை நான் கோயிலைவிட்டு வெளியே வந்தபோது அருவி வெள்ளை மாறி, டீத்தண்ணீர் நிறத்தில் விழுந்தது. இலையும் சுள்ளியும் கூட வந்தன. கூட்டம் நெரிந்தது. வெள்ளம் வரும்போது அடிக்கிற எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. செல்வியைக் கூப்பிட்டேன்.

“தடை போட்டாச்சாக்கா?”

“இல்ல.”

“அப்ப தடைன்னு எழுதக் கூடாது. நீங்க என்ன பாக்கிய, அதை மட்டும் சொல்லுங்க. பயத்தைச் சேக்காதிய.”

சொன்னேன். என் போனிலேயே அங்கே நின்ற காவலரிடமும் பேசினாள். அடுத்த நிமிடம் வந்தது: ‘தடை அறிவிக்கப்படவில்லை. தண்ணீரின் நிறம் மாறியிருக்கிறது. இலை, சுள்ளி விழுகின்றன. குளித்துக்கொண்டிருப்பவர்கள் வெளியே வந்து நிற்பது நல்லது.’ கீழே என் பேர், நின்ற இடம், நேரம்.

போன வருஷம் தப்பாக எழுதிய தளம். யார் நம்புவார்கள்? பெண்கள் பக்கம் போய், தலை நிறைய எண்ணெயோடு நின்ற ஒருத்தியிடம் போனைக் காட்டினேன். “எண்ணெய் தேச்சாச்சே மதினி, இனி இதோட எங்கன போவ?” என்றவள், செய்தியை வாசித்துவிட்டு, “ஆமா, யாரு இந்தக் கோமதியம்மா?” என்றாள்.

“நாந்தான் ஏட்டி.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: “ஏய், வெளிய வாங்கட்டி! பாத்தவங்களே இங்கன நிக்காவ!”

ஆண்கள் பக்கம் ஒரு குரல் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. சங்கரபாண்டி அண்ணாச்சி, கடை நிறைய வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு, கையில் போனோடு ஓடிவந்து ஆட்களைத் துரத்திக்கொண்டிருந்தார். காவலர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசி ஆள் வெளியேறிய பிறகுதான் மணி அடித்தது. தண்ணீர், அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டிப் பாய்ந்தது. அதன் கீழே ஒரு உயிர் இல்லை. முருகா என்று நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் அண்ணாச்சி மறுபடி அந்த மாடி ஏறினார். எப்படி நம்பினீர்கள் என்று காதர் கேட்டான். “போன வருசம் பொய்யின்னு அதுவே சொல்லிச்சு. அப்படிப்பட்டது நெசம்னு சொன்னா, நெசமாத்தான இருக்கணும்?” என்றார். கடைக்காரர்கள் விளம்பரம் எல்லாம் திரும்ப வந்தது. ‘விளம்பரம்’ என்று மேலே பெரிதாக எழுதித்தான் போடுவேன் என்றாள் செல்வி. “தலையில எழுது, காலுல எழுது, போட்டாச் சரி தாயி!” என்றார் அண்ணாச்சி. அறை பூட்டப்படவில்லை. இன்று அந்த மாடியில் காதரோடு மூன்று பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள்.

உடம்பு முடியாமல் போன பிறகும் செல்வி எங்கள் எழுத்தைப் படுத்தபடியே திருத்தினாள். இந்த வருஷம் இலஞ்சித் தேரோட்டத்தின்போது பெய்த மழை, வடம் பிடித்ததும் நின்றது. ‘முருகன் அருளால் மழை நின்றது’ என்று எழுதி அனுப்பினேன். போனில் கூப்பிட்டாள். குரல் மெலிந்திருந்தது, பிடி மெலியவில்லை. “அக்கா, மழை நின்னது நீங்க பாத்தது. முருகன் நிப்பாட்டுனது நீங்க நம்புதது. நம்பாதியன்னு நான் சொல்லல. ஒரே வரியில போட வேண்டாம்.” எனக்கு வருத்தம்தான். சாமி விஷயத்திலுமா என்றேன். “சாமி விஷயத்துலதான் முக்கியமாக்கா” என்றாள். ‘மழை நின்றது. வடம் பிடித்தவர்கள் முருகா என்று குரல் எழுப்பினார்கள்’ என்று மாற்றினேன். மறுநாள் வாசித்துப் பார்த்தபோது, என் முருகன் அதில் குறைந்துபோகவில்லை.

அந்தப் பழக்கத்தைத்தான் அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டேன். அதன்படியே இதையும் எழுதுகிறேன்.

இசக்கிச்செல்வி போய்விட்டாள். சிதைக்குத் தீ வைக்கும்வரை கூடவே இருந்தேன். இது நான் பார்த்தது.

அவள் உண்டாக்கிய தளத்தை இனி எந்தக் கொம்பனாலும் பொய் எழுதவைக்க முடியாது. இது நான் நம்புவது.