மணி செத்ததை மகளிடம் சொன்ன விதம்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான், தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அண்ணன், புது வெடிகளைத் தெருவில்தான் வெடித்துப் பார்ப்பார். போன மாதம் அந்தச் சத்தத்தில் எங்கள் நாய் மணி மிரண்டு ஓடி, நாற்கரச் சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்தது.

"நாய்தானம்மா, வேற குட்டி வாங்கி வளத்துக்கங்க" என்று அவர் சிரித்தார்.

"மணி எங்கம்மா?" என்றாள் என் ஐந்து வயது மகள்.

"எதிர்வீட்டு மாமா வெடி போட்டுக் கொன்னுட்டாக. அவுக ஆட்டுக்குட்டி செத்தாத்தான் அவுகளுக்குத் தெரியும்" என்றேன், ஆத்திரத்தில்.

இரண்டு நாள் கழித்து, அவர் ஆட்டுக்குட்டி கட்டியிருந்த வைக்கோல் படப்பின் ஓரம் மகள் குந்தியிருந்தாள். கையில் தீப்பெட்டி.

"ஏட்டி, இங்கன என்ன பண்றே?"

"குட்டி செத்தா மாமாவும் அழுவாகள்லம்மா?"

தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவளை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். மணி பயந்து ஓடியதையும், லாரி அடித்ததையும், இனி அவன் வரமாட்டான் என்பதையும் சொன்னேன். அன்று அவனைக் கட்டிப்போட மறந்தது நான் என்பதையும் சொன்னேன்.

இப்போது தீப்பெட்டி பரணில் இருக்கிறது. அவர் மேல் கோபம் தீரவில்லை; ஆனால் பிள்ளை காதுபட அவரை ஏசுவதில்லை.

இன்று காலையிலும் அவர் தெருவில் வெடி வைத்தார்.