இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

இங்குனுக்கு அமைச்சர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. ஒஸ்லோவில் துறைமுக அமைச்சகத்தின் பதிவறையில் 1946-ல் வேலைக்குச் சேர்ந்தவள், இருபத்தாறு வருஷத்தில் பதினொரு அமைச்சர்களைப் பார்த்துவிட்டாள். ஆளுக்கு ஒரு கட்சி, ஆளுக்கு ஒரு பேச்சு. ஆனால் பதவியை விட்டு இறங்கும் வாரத்தில் எல்லோருக்கும் பதிவறை மேல் தனிப் பிரியம் வந்துவிடும். ஒருவர் படியிறங்கி வந்து, ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் முன்தேதி போட முடியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இன்னொருவர் மூன்று கோப்புகளைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இங்குன் அவர் மனைவிக்குப் போன் போட்டு, மறுநாள் காலையில் அவற்றைத் திரும்ப வரவழைத்தாள்.

யாருக்கு எந்தக் கட்டைக் கொடுத்தாலும் முதலில் தாளை எண்ணுவாள், திரும்பி வந்ததும் மறுபடி எண்ணுவாள். "நீ உன் புருஷனையும் இப்படித்தான் எண்ணி வாங்குவியா?" என்று கடைநிலை ஊழியர் ஔடுன் கேலி செய்வார். அவள் சிரிக்கமாட்டாள்.

1972-ல் அமைச்சகத்துக்கு எழுபத்தைந்து வயது. வரலாறு ஒன்று எழுதிப் புத்தகமாகப் போடுவது என்று மேலே முடிவானது. எழுதும் வேலையை ரஞ்வால் ஸ்கையே என்ற ஓய்வுபெற்ற அதிகாரியிடம் கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் அங்கேயே குப்பை கொட்டியவர். எந்த அமைச்சர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், யாருக்குக் காபியில் பால் ஆகாது என்பது வரை அறிந்தவர். மாடிப்படி நெடுக அமைச்சர்களின் படங்கள் மாட்டியிருந்தன. 1940-க்கும் 45-க்கும் இடையே, நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் உட்காரவைத்த ஆளின் படம் மட்டும் இல்லை. அந்த இடம் காலியாகவும் இல்லை. முன்னவரையும் பின்னவரையும் நெருக்கி மாட்டிவிட்டிருந்தார்கள்.

பிப்ரவரியில் பல்வலி என்று இங்குன் ஒரு நாள் லீவு போட்டாள். அன்றைக்குப் பார்த்து ஸ்கையே வந்து 1942-ம் வருஷத்து உள்வரும் தபால் பதிவேட்டைக் கேட்க, ஔடுன் எடுத்துக் கொடுத்துவிட்டார். அது திரும்பி வந்த நாள் இங்குன் வழக்கம்போல எண்ணினாள். பக்கங்களுக்குக் கையால் எண் போட்டிருந்தது. 212-க்குப் பிறகு 215. தாள் ஒன்றைக் காணோம். தையல் ஓரத்தில் விரலை ஓட்டினாள். கிழிந்த தாள் சொரசொரவென்று இருக்கும். இது வழுவழுவென்று இருந்தது. பிளேடு.

நிர்வாக அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் ஸ்கையேக்குப் போன் போட்டுக் கேட்டார். தான் வாங்கும்போதே அந்தத் தாள் இல்லை என்று பதில் வந்தது. அதிகாரி போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சாவி இத்தனை வருஷமா உங்ககிட்டதானே இருக்கு, இங்குன் அம்மா?"

அவ்வளவுதான் கேட்டார். அது போதுமானதாக இருந்தது. அந்த வாரமே உணவு அறையில் அவள் உட்கார்ந்த மேஜையில் பேச்சு சுருங்கியது. தட்டச்சுப் பெண்கள் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியை மென்றபடி வானிலை பற்றிப் பேசினார்கள். வேலை நிலவரம் கேட்கிற சாக்கில் பதிவறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷம் மற்றவர்களைச் சந்தேகப்பட்டவளுக்குத் தன் மேல் விழும் சந்தேகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஔடுன் தன்னைப் பார்த்தால் வேறு தாழ்வாரத்தில் திரும்புவதைக் கவனித்தாள். தினமும் பத்து மணிக்குக் காபிக்கு வருகிறவர் வருவதை நிறுத்தியிருந்தார். இவருக்குப் பணம் கிணம் கொடுத்திருப்பார்களோ, யுத்த காலத்தில் இவர் எங்கே இருந்தார் என்றெல்லாம் மனசு அலைந்தது. ஒருநாள் லிஃப்டுக்குள் அவரை மடக்கிவிட்டாள்.

ஔடுன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாக்கறேன்னார் இங்குன். பழைய மனுஷன், எப்படி மாட்டேன்னு சொல்ல? நாலு நாள் அவர் வீட்ல இருந்துச்சு. சொன்னா எனக்கு வேலை போயிடும்."

கிடைத்தது அவ்வளவுதான். நாலு நாள் வீட்டில் இருந்ததால் ஸ்கையேதான் வெட்டினார் என்று ஆகிவிடாது. எதை வெட்டினார் என்று தெரிந்தால் ஏன் என்று தெரியும். அந்த வழியாகத்தான் போகவேண்டும் என்று முடிவு செய்தாள்.

212-ம் பக்கத்தில் கடைசிக் கடிதத்தின் எண் 1871. 215-ல் முதல் எண் 1930. இடையில் ஐம்பத்தெட்டுக் கடிதங்கள். வந்த கடிதத்தின் பதிவு போனாலும், பதில் அனுப்பியிருந்தால் அதன் அலுவலக நகல் இருக்கும். நகலின் தலையில் வந்த கடிதத்தின் எண் இருக்கும். நகல் கட்டுகளோ யாரும் எட்டிப் பார்க்காத நிலவறையில் கிடந்தன. மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தை அங்கேயே கழித்தாள். மிதவைக்கு வர்ணம், கலங்கரை விளக்கத்துக்கு நிலக்கரி, ஒரு காவலாளிக்குக் கம்பளிக் காலுறை. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள். மார்ச் ஒன்பதாம் தேதி 1904-ம் எண் கடிதத்துக்கான பதில் நகல் கிடைத்தது.

தெற்கே மன்டால் துறைமுக அலுவலகத்துக்கு எழுதிய பதில் அது. புதிய ஆட்சிக்கு விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்த மூன்று கப்பல் வழிகாட்டிகளின் பெயர்களை அனுப்பியதற்கு நன்றி. பெயர்கள் உரியவர்களிடம் சேர்க்கப்பட்டன. மூன்று பெயரும் கீழே வரிசையாக இருந்தன. கையெழுத்து: ர. ஸ்கையே.

இங்குனுக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு வந்தது. பிடித்துவிட்டாள். பிறகுதான் கடிதம் யாருக்கு என்று பார்த்தாள். மன்டால் துறைமுக எழுத்தர் ஐவின் என்று இருந்தது. பெயருக்குப் பின்னால் இருந்த குடும்பப் பெயர் அவளுடைய சம்பளச் சீட்டிலும் இருந்தது. அவள் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷமாக எழுதிவரும் பெயர்.

அன்று ஐந்து மணிக்கு ஐவின் மீன் கட்லெட் பொரித்து, உருளைக்கிழங்கை வேகவைத்து மேஜையில் வைத்திருந்தான். யார் சீக்கிரம் வருகிறார்களோ அவர்கள் சமைப்பது என்பது அந்த வீட்டு வழக்கம். அவள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து மூன்று பெயரையும் சொன்னாள்.

அவன் முள்கரண்டியைத் தட்டோரமாக வைத்தான். யார் இவர்கள் என்று கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. அப்போது தனக்கு இருபத்து மூன்று வயது, மேலாளர் எழுதச் சொன்னார், பெயரை எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாது என்று மெதுவாகச் சொன்னான். இரண்டு பேர் ஜெர்மானியர்களின் கிரீனி சிறைமுகாமிலிருந்து திரும்பினார்கள். மூன்றாவது ஆள் தெர்யே திரும்பவில்லை.

"தெரியாதுன்னா, இத்தனை வருஷம் ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"உங்கிட்டயா?" என்றான் ஐவின். "நீ எதையும் பத்திரமா எடுத்து வைக்கிற ஆளாச்சே."

அவள் சாப்பிடவில்லை. நல்ல மனுஷன் என்று தெரிந்த முகத்தில் இன்னும் என்னவெல்லாம் இருக்கும் என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருஷா வருஷம் மன்டாலுக்குப் போகலாம் என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவனுக்கு முதுகுவலி வந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

மறுநாள் மதியம் ஸ்கையே வீட்டுக்குப் போனாள். அவர் அவளை உட்காரச் சொல்லி, வாஃபிளும் ஜாமும் எடுத்து வைத்தார். நகலைப் பார்த்து அவள் எழுதிக்கொண்டுவந்த தாளைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் பேரை மாத்தச் சொல்லி மனு குடுத்தீங்களே, அன்னைக்கே எனக்கு ஆள் யாருன்னு தெரியும். உங்களுக்குத் தெரியாதுங்கறதும் தெரியும். உங்களுக்காகத்தாம்மா எடுத்தேன்."

"கையெழுத்து உங்களோடது, சார்."

"ஆமா, என்னோடதுதான். அதனால நான் சொல்றது பொய்யாகிடுமா?"

அவர் வாஃபிள் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அது வருத்தமா, பயமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அந்தத் தாள் எங்கே என்று கேட்டாள். அடுப்பைக் காட்டினார். அடுப்பில் போட்டது உண்மையா, மேஜை இழுப்பறைக்குள் இருக்கிறதா என்று வெளியே வந்து டிராமுக்குக் காத்திருந்தபோது யோசித்தாள். பல வருஷம் கழித்து அவர் செத்த செய்தி வந்தபோதும் அதையே யோசித்தாள்.

நகலை அப்படியே விட்டுவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பதிவறையின் சாவி அவளிடம்தான். இரண்டு நாள் அந்த நினைப்போடு வேலைக்குப் போய் வந்தாள். இவ்வளவு வருஷமாக அமைச்சர்கள் எதற்குப் படியிறங்கி வந்தார்கள் என்பது அந்த இரண்டு நாளில் அவளுக்கு நன்றாகவே புரிந்தது. மூன்றாம் நாள் ஒரு சீட்டு எழுதிப் பதிவேட்டில் 212-ம் பக்கத்தோடு தைத்தாள். அடுத்த தாள் பிளேடால் வெட்டப்பட்டுள்ளது. கடைசியாக வாங்கியவர் ஸ்கையே. விடுபட்ட கடிதங்களின் பதில் நகல்கள் நிலவறையில் இந்தக் கட்டில் உள்ளன. தேதி போட்டு, முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டாள். ஔடுன் பெயரை எழுதவில்லை. எழுதியிருக்கவேண்டும். அது மட்டும் அவளால் முடியவில்லை.

நிர்வாக அதிகாரி சீட்டைப் படித்துவிட்டு, விழா முடியும்வரை பொறுக்கக்கூடாதா என்றார். பதிவேடு தன் பொறுப்பு என்றாள். புத்தகம் கோடையில் வெளிவந்தது. 1942-க்கு அதில் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கடினமான காலம், ஊழியர்கள் அமைதியாகக் கடமையாற்றினார்கள் என்று இருந்தது.

வீட்டில் ஐவினோடு ஒரே மேஜையில் சாப்பிட்டாள், ஒரே கூரையின் கீழ் இருந்தாள். ஆனால் அவன் சொல்லும் சின்ன விஷயத்தையும், தபால்காரர் வந்தார் என்றால்கூட, ஜன்னல் வழியாக ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். அவனுக்கும் அது தெரியும். ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை.

1979 இலையுதிர் காலத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி அனுமதிக் கடிதத்தோடு பதிவறைக்கு வந்தாள். பெயர் யோரூன், மன்டாலிலிருந்து ரயிலில் வந்ததாகச் சொன்னாள். அப்பா தெர்யேயைக் கூட்டிக்கொண்டு போனபோது அவளுக்கு மூன்று வயது. யார் சொல்லிக் கூட்டிப்போனார்கள் என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாளாம். இங்குன் பதிவேட்டை எடுத்து எதிரே வைத்தாள். யோரூன் சீட்டைப் படித்தாள். அதில் சொன்ன கட்டைப் பார்க்கலாமா என்றாள்.

இங்குன் நிலவறைக்குப் போய்க் கட்டை எடுத்து, தாளை எண்ணி, கொண்டுவந்து கொடுத்தாள். யோரூன் 1904-ம் எண் நகலை இரண்டு தரம் படித்தாள். பிறகு மேலே எழுதியிருந்த பெயரையும், சீட்டின் அடியிலிருந்த கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது யாரு, உங்க சொந்தமா?"

"என் வீட்டுக்காரர்."

யோரூன் கட்டை மூடி வைத்தாள். பிறகு, உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறார் என்றாள் இங்குன். ஒரு தாளை எடுத்து வீட்டு முகவரியும் டிராம் நம்பரும் எழுதிக் கொடுத்தாள். ஐந்து மணிக்கு அவர் வீட்டில்தான் இருப்பார், கதவைத் திறப்பாரா என்பது தனக்குத் தெரியாது என்று சொன்னாள்.

யோரூன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் போன பிறகு இங்குன் கட்டைத் திரும்ப எண்ணினாள். சரியாக இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, அன்றைக்கு மட்டும் அரை மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்குக் கிளம்பினாள்.