வீரன் கல்லருகே மெதுவாக வந்த ரயில்

போன வருடத்துக்கு முந்திய மார்கழி. காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் நெசவாளர் தெருவிலிருந்து, விடிந்தும் விடியாத பொழுதில் நானும் அம்மாவும் வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தோம். செங்கல்பட்டில் எனக்கு ஆசிரியை வேலைக்கான நேர்காணல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த ரயிலை விட்டால் அடுத்தது மாலையில்தான். அதற்குள் வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

பாதையும் தண்டவாளமும் ஒன்றாக வளையும் இடத்தில், ரயில் கொள்ளைக்காரன் ஒருவனுக்கு நட்ட கல் இருக்கிறது. வீரன் கல் என்போம். பஞ்ச காலத்தில் ஓடும் கூட்ஸ் வண்டியில் தாவி ஏறி, ஊராருக்காக அரிசி மூட்டைகளைக் கீழே உருட்டிவிடுவானாம். போலீஸ் துரத்தி வந்தபோது எங்கள் தெருப் பெண் ஒருத்தி அவனைத் தறிக்குழிக்குள் ஒளியவைத்து, மேலே உட்கார்ந்து நெய்துகொண்டே இருந்தாளாம். அதனால் ரயிலுக்குப் போகும் எங்கள் தெருக்காரர்கள் அந்தக் கல்லில் ஒரு பட்டு இழையைக் கட்டாமல் நகர மாட்டார்கள்.

அம்மாவும் நின்றுவிட்டாள். குளிரில் விரல் விறைத்து, முடிச்சு விழவில்லை.

"நேரமாவுதும்மா! திருடனுக்கு இன்னா கும்புடு?"

"வாயக் கழுவு. டீச்சர் ஆவறதுக்கு முன்னாடியே என்னை மிரட்டுறியா?"

அப்போதே பின்னால் ரயில் சத்தம். எது புகை, எது பனி என்று தெரியாத வெள்ளைக்குள்ளிருந்து எஞ்சின் வந்தது. கல்லில் இருந்த பழைய இழைகளெல்லாம் சிவப்பும் பச்சையுமாக மிதந்தன. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் சக்கரச் சத்தம் தளர்ந்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, கல்லடியில் ஒரு கரித்துண்டைப் போட்டார். வீரனுக்கு ரயில்காரர்களும் காணிக்கை வைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"எங்கேம்மா, ஸ்டேஷனுக்கா?" என்றார்.

"எம்பொண்ணு டீச்சர் வேலைக்குப் போவுதுபா!" என்று அம்மா கத்தினாள்.

"வீரன் ஊர்ப் பொண்ணுக்கு ஏறத் தெரியாதா? ஏறு, ஏறு!"

ரயில் நடை வேகத்துக்கு வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அம்மா பின்னாலிருந்து தள்ள, பெட்டிக்குள்ளிருந்த பூக்காரம்மா ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, டிக்கெட்!" என்றேன்.

"வீரன் இன்னா டிக்கெட் வாங்கிக்கினா ஏறுனான்?" என்று அவள் சொல்ல, பெட்டியே சிரித்தது. ஸ்டேஷன் வந்ததும் முதல் வேலையாக டிக்கெட் வாங்கினேன்.

அதற்கு முன், ஏறிய கையோடு பெட்டி வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது பனியில் அம்மா எது, கல் எது என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகக் கரைந்துகொண்டிருந்தன.

வேலை கிடைத்தது. இப்போது நான் டீச்சர். அந்த டிரைவரின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் மணி அடித்த பிறகு மூச்சிரைக்க ஓடிவரும் பிள்ளையைக் கண்டால், வகுப்புக் கதவைச் சாத்த என் கை போவதே இல்லை.