வெட்டுப்படாத என் டி.என்.ஏ.

குவைத்தில் சமையல் வேலை கிடைத்து, மெடிக்கல் டெஸ்ட் மட்டும் பாக்கியிருந்த நேரம். கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் அண்ணன் மகள், ஆய்வகப் பாடத்துக்காக வீட்டில் எல்லோரையும் உப்புத்தண்ணீர் கொப்பளித்துத் துப்பச் சொல்லி வாங்கிப் போனாள். அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து என்சைம் விட்டால், அது தனக்குத் தெரிந்த இடத்தில் மட்டும் வெட்டுமாம். துண்டுகள் படத்தில் கோடுகளாகத் தெரியுமாம். வைரஸை வகை பிரிப்பதும் இப்படித்தானாம்.

அவள் போனில் அனுப்பிய படத்தில் எல்லோருக்கும் இரண்டு கோடு, எனக்கு மட்டும் ஒன்று.

"சாச்சா, உங்களுது வெட்டுப்படலை. ஆளுக்கு ஆள் மாறும், நோயெல்லாம் இல்ல" என்றாள். எட்டாவதோடு நின்ற எனக்கு வைரஸ் மட்டும்தான் மனதில் தங்கியது. மெடிக்கலில் பிடித்துவிடுவார்கள், நாமே முந்திக்கொள்வோம் என்று, மெடிக்கலுக்குப் போனதுமே டாக்டரிடம் போனை நீட்டிப் படத்தைக் காட்டினேன்.

"இதை யாருங்க கேட்டா? பிரஷர்தான் எகிறுது. வெளியில ஒக்காந்து, படபடப்பு அடங்கினதும் வாங்க."

பெஞ்சில் உட்கார்ந்து சற்றுத் தணிந்தபோது அண்ணன் மகள் போனில் கூப்பிட்டாள்.

"சாச்சா, திட்டாதீங்க. உங்க டியூப்ல என்சைம் ஊத்தவே மறந்துட்டேன்."

மறுபடி பிரஷர் பார்த்தார்கள். கோபத்தில் முன்னைவிட ஏறியிருந்தது.

"நாளைக்கு வாங்க, போனை வீட்டுலயே வச்சிட்டு" என்றார் டாக்டர்.