பத்துச் சதத்திலிருந்து சும்மாவுக்கு

நானாவும் நானும், அண்ணனும் தம்பியுமாக, கண்டிக்கும் பிலிமத்தலாவைக்கும் இடையே பஸ் ஓட்டிய நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. மதினியின் நகைகளை அடகு வைத்து நானா வாங்கிய பஸ் அது. அவர் ஓட்டுவார், நான் ஆள் கூப்பிட்டு ஏற்றிக் காசு வாங்குவேன். தொழில் படுத்தால் பஸ்ஸும் போகும், நகையும் போகும்.

ஆளுக்குப் பத்துச் சதம் வாங்கி நிம்மதியாக இருந்தோம். அப்போதுதான் பிலிமத்தலாவைக்காரர் ஒருவர் புது பஸ்ஸோடு வந்து, எங்கள் மூக்குக்கு முன்னால் எட்டுச் சதம் என்று கூவினார். எங்கள் வாடிக்கைக்காரர்கள் ஓடிப்போய் அதில் ஏறினார்கள். நன்றி கெட்ட ஜனங்கள்!

"ஆறு சதமெண்டு கத்துடா தம்பி!" என்றார் நானா.

கத்தினேன். அடடா, என்ன கூட்டம்! மறுநாள் அவர் ஐந்து என்றார். நாங்கள் மூன்று என்றோம். தினமும் எங்களோடு வரும் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு புரொக்டரிடம், அதாவது வக்கீலிடம், கிளாக்கராக இருந்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இதைத்தான் தம்பி இங்கிலீசிலை அண்டர்கட் பண்ணுறது எண்டு சொல்லுறது. மற்றவன்ரை விலைக்குக் கீழை இறங்கி அவன்ரை ஆக்களை இழுக்கிறது."

எங்கள் வேலைக்கு இங்கிலீசில் ஒரு பெயரே இருக்கிறதாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் செய்தால் அண்டர்கட், அவர் செய்தால் அநியாயம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கடைசியில் அவர் ஒரு சதத்துக்கு வந்தார். நானா, "சும்மா ஏத்துடா!" என்றார். அன்று மாலையே அவரும் சும்மா ஏற்றினார். இரண்டு பஸ்ஸும் நிரம்பி வழிய, ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறந்தன. பேராதனை தாண்டியதும் அவருடைய பஸ் இருமி இருமி நின்றுவிட்டது. பெற்றோல் இல்லை! எங்கள் பஸ்ஸில் கூச்சலும் கைதட்டலும் கூரையைப் பிய்த்தன. நான் படியில் தொங்கிக்கொண்டு அவருக்குச் சலாம் வைத்தேன்.

அடுத்த வளைவில் எங்கள் பஸ்ஸும் நின்றது. ஒரு சதமும் வாங்காதவன் எதைக் கொண்டு பெற்றோல் அடிப்பான்?

அந்த நேரம் பார்த்து, கண்டியில் அரிசி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன.

"தலைக்குப் பத்துச் சதம் குடுத்துட்டு ஏறுங்க," என்றார் முன்வண்டிக்காரர்.

ஒரு சதம் குறைந்தாலே பஸ் மாறி ஏறியவர்கள், மூச்சு விடாமல் பத்துச் சதத்தை நீட்டி ஏறினார்கள். கிளாக்கரும் ஏறினார். பின்னால் நின்றுபோன பிலிமத்தலாவைக்காரர் பஸ்ஸில் வந்தவர்களும் ஓடிவந்து ஏறினார்கள்.

அவரும் நடந்து வந்து சேர, வீதியில் நாங்கள் மூவர்தான் மிச்சம். நானாவும் அவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியவர்கள் அல்ல.

"நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார் நானா.

"பத்து," என்றார் அவர்.