கால் மாத்திரை

என் மனைவி இருந்தவரை எங்கள் வீட்டில் ஒரே மாத்திரை இரண்டு பேருக்கு வேலை செய்தது. எனக்கு நீர் பிரியச் சிரமம் வந்தபோது பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷம் மகனுக்கு உச்சியில் முடி கொட்டத் தொடங்கியது. தோல் டாக்டரிடம் போனால் அவர் எழுதியதும் அதே மாத்திரைதான். அளவு மட்டும் சின்னது. கூடவே காலையும் மாலையும் தலையில் தடவ ஒரு லோஷன். இரண்டும் சேர்ந்தால் நல்ல பலன் இருக்கும், நிறுத்தினால் பலனும் நின்றுவிடும் என்றார். சின்ன மாத்திரை எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் அடிக்கடி இருக்காது. பெரியதை நான்காக வெட்டிக் கொடுக்கலாமா என்று அவள்தான் கேட்டாள். அளவு ஏறக்குறையச் சரியாக வரும், வெட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்னுடைய சவர பிளேடில் ஒன்றை எடுத்து வெட்டுவாள். கால் துண்டுகளைத் தன் பழைய குங்குமச் சிமிழில் போட்டு வைப்பாள். எவ்வளவு கழுவியும் அதில் குங்குமம் போகவில்லை. துண்டுகளின் ஓரம் லேசாகச் சிவந்திருக்கும். எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. சிமிழைத் திறந்து எண்ணுவேன். ஒன்று பெரிதாக இருக்கிறது, ஒன்று சிறிதாக இருக்கிறது என்று குறை சொல்வேன்.

"தராசு கொண்டாங்க, நிறுத்துத் தாரேன்" என்பாள். "ஒங்களுக்கு முழுசு குடுக்கேன், ஒத்த முடி முளைக்கல. அவனுக்குக் கால்தான், காடா வளருது."

உண்மைதான். என் தலை முப்பத்தைந்து வயதிலேயே வெறிச்சோடிவிட்டது. அது மகனுக்கு வந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். சாயங்காலம் பாலோடு கால் மாத்திரையைக் கொண்டுபோய் அவன் முன் வைப்பாள். விழுங்கும்வரை நிற்பாள்.

போன ஐப்பசியில் அவள் இறந்துபோனாள். காபி கலந்து வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூட முடியவில்லை.

ஆற்றங்கரையில் மகனுக்குத் தலையை வழித்தார்கள். ஆறு வருஷம் மருந்து போட்டு வளர்த்த முடி படித்துறையில் கிடந்தது. வழிப்பதால் வேருக்கு ஒன்றும் ஆகாது. கெட்டது அடுத்த நாள்தான். குளித்துவிட்டு வந்தவன் பழக்கத்தில் லோஷன் பாட்டிலைத் திறந்தான். என் மனைவியின் அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏலே, பதினாறு கழியாம தலையில எண்ணெ வைக்கக் கூடாது."

"எண்ணெ இல்ல பெரியம்மா, மருந்து."

"மருந்தெண்ணெயும் எண்ணெதாம்லே. பெத்தவளுக்கு ஒரு பதினாறு நாள் பொறுக்கமாட்டியா?"

அவன் பாட்டிலை மூடிவிட்டான். அதில் எண்ணெய் ஒரு துளி கிடையாது என்று அந்த வீட்டில் எடுத்துச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை. மாத்திரையும் அன்றே நின்றது. அதை யாரும் தடுக்கவில்லை. பாலோடு கொண்டுவந்து வைக்கத்தான் ஆள் இல்லை.

பதினாறாம் நாள் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக அவன் தலையில் எண்ணெய் வைத்தார்கள். அதன் பிறகு பாட்டிலைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சிமிழில் பதினொரு துண்டுகள் இருந்தன. நான் தினமும் எண்ணினேன். தினமும் பதினொன்றுதான்.

தை மாதத்தில் தலை முழுக்க ஒரே சீராக முளைத்திருந்தது. சரிதான், ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். பங்குனியில் உச்சியில் முடி குறைந்து தோல் தெரியத் தொடங்கியது. அவன் வேலைக்குப் போனபின் தலையணை உறையில் கிடக்கும் முடியைப் பொறுக்கி எண்ணுவேன். ஒரு நாள் நாற்பத்தொன்று இருந்தது. நானே தோல் டாக்டரிடம் போய்க் கேட்டேன். மருந்து தாங்கி வைத்திருந்த முடிதான் விழுகிறது, இரண்டையும் மறுபடி தொடங்கினால் ஓரளவு வரலாம், முழுவதும் வரும் என்று சொல்வதற்கில்லை, தாமதிக்க வேண்டாம் என்றார்.

தாமதிக்க எங்களுக்கும் நேரமில்லை. சேரன்மகாதேவியில் ஒரு பெண்ணை என் மனைவி பார்த்துப் பேசி வைத்திருந்தாள். வருஷம் திரும்பியதும் கல்யாணம், வைகாசியில் வந்து பேசி முடிக்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது அவள் தேர்ந்தெடுத்து அனுப்பிய போட்டோ. முடி அடர்ந்து நின்ற காலத்தில் எடுத்தது.

சித்திரையில் ஒரு நாள் சிமிழை அவன் முன் வைத்தேன்.

"பதினொண்ணு இருக்குலே. எடுத்துச் சாப்பிடு. தீருறதுக்குள்ள வேற வாங்கிரலாம்."

"யாரு வெட்டுவா?"

"நான் வெட்டுதேன்."

அவன் சிமிழைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இது தீந்துட்டா அம்மா கையால ஒண்ணும் இருக்காதுப்பா" என்றான்.

வெட்ட வேண்டாத சின்ன மாத்திரையாகவே இரண்டு அட்டை வாங்கி வந்தேன். பிரிக்காமல் அலமாரியில் கிடந்தன.

வைகாசியில் ஐந்து பேர் வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள், சாப்பிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் சுவரில் மாட்டியிருந்த என் மனைவியின் படத்தைப் பார்ப்பதுபோல் நின்று, பக்கத்தில் நின்ற இவன் தலையைப் பார்த்தார். பத்து நாள் கழித்து, பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லியனுப்பினார்கள். அவனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வைத்திருந்து சொன்னேன்.

"போட்டோவுல இருக்கது வேற ஆளுன்னு நெனச்சிருப்பாவ" என்றான். சிரிக்கக்கூடச் செய்தான்.

ஆனித் தேரோட்டத்தன்று டவுனில் கடைகள் அடைத்திருந்தன. அன்றைக்குத்தான் என் மாத்திரை அட்டை காலியாக இருந்தது. அவனுடைய துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த நான் என்னுடையதை எண்ண மறந்துவிட்டேன். ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது என்று அவன் சொன்னான். எனக்கு மனம் அடங்கவில்லை. காலி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அலமாரியில் கிடந்த சின்னதில் எத்தனை போட்டால் சரியாகும் என்று புலம்பினேன்.

அவன் உள்ளே போனான். ஒரு தம்ளர் பாலோடு வந்தான். என் உள்ளங்கையை விரித்து, சிமிழிலிருந்து நான்கு துண்டுகளை எடுத்து வைத்தான்.

"நாலு கால் சேந்தா ஒரு முழுசுதான?"

"வேண்டாம்லே. ஒனக்குன்னு வெட்டினது."

"அம்மா வெட்டினது யாரும் திங்காம வீணாப் போகக் கூடாதுப்பா. போடுங்க."

ஓரம் சிவந்த நான்கு துண்டுகள். ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று சிறிதாக. வாயில் போட்டேன். முழு மாத்திரைக்கு ருசி கிடையாது. வெட்டினது நாக்கில் பட்டதும் கசந்தது.

"கசக்கா?" என்று கேட்டான்.

"கசக்கு."

"எனக்கும் கசக்கும். அம்மாட்ட சொன்னதில்ல."

நான் பாலைக் குடித்து முடிக்கும்வரை நின்றான். பிறகு குனிந்து சிமிழை எடுத்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் உச்சி என்னுடையதைப் போலவே இருந்தது. மூடுவதற்கு முன் உள்ளே பார்த்தான்.

"ஏழுப்பா" என்றான்.