முத்துப் போட்ட முகம்

முருகம்மாள் பீடியைக் கையால்கூடத் தொட்டவள் இல்லை. அடுப்புப் புகையே ஆகாதென்று கல்யாணமான புதிதிலேயே சண்டை போட்டு கேஸ் அடுப்பு வாங்கியவள். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவளுடைய நுரையீரலில் போய்ப் புற்றுநோய் உட்கார்ந்துகொண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? "யக்கா, ஒளிஞ்சு கிளிஞ்சு குடிச்சியளோ?" என்று பக்கத்துக் கடை முத்துராஜ் கேட்டான். அன்றைக்கு அவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். "செல்லோட மேற்பரப்புல ஏற்பின்னு ஒண்ணு இருக்கும்மா, காலிங் பெல் மாதிரி. வெளிய இருந்து அமுக்கினாத்தான் உள்ள 'வளரு'ன்னு சத்தம் கேக்கணும். உங்களுக்கு அந்தப் பட்டன் சிக்கிக்கிட்டு, ஆளே இல்லாம அடிச்சிக்கிட்டே இருக்கு" என்றார் டாக்டர். அதை அடக்க மாத்திரை உண்டு. எல்லாருக்கும் கேட்காது, இவளுக்குக் கேட்கும். தினம் ஒன்று, ஒரு நாளும் விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

பத்தாம் நாள் முகமெல்லாம் பொரிபொரியாகக் கிளம்பிவிட்டது. புருஷன் சிவனணைந்தபெருமாள் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏட்டி, அம்மால்லா வந்திருக்கா! எப்படி முத்துப் போட்டிருக்கு பாரு!"

அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை ஏறியது, வீட்டில் தாளிப்பு நின்றது, மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது. அம்மை கண்ட உடம்புக்கு மருந்து கொடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்வாளே! முருகம்மாளும் நல்லபிள்ளையாக இளநீர் குடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அப்படிப் படுத்த ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஷரீபுன்னிசா போன் செய்தாள். கடையநல்லூர்க்காரி, கெட்டிக்காரி.

"யக்கா, மாத்திரை போடுதியளா?"

"எப்படித் தாயி போடுதது? அம்மா வந்திருக்கால்லா!"

முகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, டாக்டரிடம் காட்டிவிட்டு மறுபடி கூப்பிட்டாள். "அது அம்மை இல்லக்கா. அந்த ஏற்பி தோல்லயும் இருக்கு. மாத்திரை அங்கயும் கை வைக்குது, அதான் பொரியுது. நெறைய பேருக்கு மருந்து கேக்குததுக்கு அதுதான் அடையாளம். நிப்பாட்டினா கட்டி மறுபடி வளரும். இன்னைக்கே போடுங்க, களிம்பும் சொல்லுதேன்."

சிவனணைந்தபெருமாள் மசியவில்லை. "தலைக்கு மூணு தண்ணி ஊத்தி அம்மா எறங்குத வரைக்கும் பொறுட்டி. அம்மா கோவிச்சு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கன போவேன்?" என்றார்.

முருகம்மாளுக்கும் பயம்தான். அம்மனை நினைத்தாலும் பயம், கட்டியை நினைத்தாலும் பயம். சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு டப்பாவை எடுத்தாள்.

"அம்மாதான்னு சொல்லுதியள்லா? சரி, அம்மாவே வந்ததா இருக்கட்டும். எது வழியா வந்தா? இந்த மாத்திரை வழியாத்தான வந்தா? அவ வந்த வழிய நாம அடைக்கலாமா?"

இளநீரோடு மாத்திரையை விழுங்கியவளின் நெற்றியில் அவர் திருநீறு மட்டும் பூசிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. டாக்டருக்கே சந்தோஷம். "பொரியும் நல்லாக் குறைஞ்சிருக்கே. மிச்சம் இருக்கதுக்கும் வேற களிம்பு எழுதட்டுமா?"

"வேண்டாம் சார்."

"பொரி போனாலும் மருந்து கேக்கும்மா, பயப்படாதீங்க."

"எனக்குத் தெரியும் சார்" என்று கதவருகே நின்ற புருஷனைக் கண்ணால் காட்டினாள். "அவுகளுக்குத் தெரியாதுல்லா? காலைல எந்திரிச்சதும் என் மூஞ்சியில பொரி இருக்கான்னு தடவிப் பாத்தாத்தான் அவுகளுக்குக் காப்பியே எறங்குது."